ஆய்வறம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நான் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. மூன்றாண்டு உழைப்பில் உருவான என் முதல் கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பவிருக்கும் நிலையில், துறைத்தலைவரின் பெயரையும் சேர்க்கும்படி என் நெறியாளர் கூறுகிறார். துறைத்தலைவர் அந்தக் கட்டுரையைப் படித்ததுகூட இல்லை. "இது காலங்காலமாக நடப்பதுதான்" என்கிறார் நெறியாளர். மறுத்தால் என் பட்டத்துக்கு இடையூறு வருமோ என்று அஞ்சுகிறேன். நான் செய்ய வேண்டியது என்ன?

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது, அதை முதலில் ஒப்புக்கொண்டுதான் இந்தப் பதிலைத் தொடங்க வேண்டும். நெறியாளரின் கையொப்பம் இல்லாமல் ஆய்வேடு நகராது என்னும் நிலையில் இருக்கும் ஒருவரிடம், "துணிந்து எதிர்த்து நில்லுங்கள்" என்று தொலைவில் இருந்துகொண்டு சொல்வது எளிது. ஆகவே நெறி என்ன என்பதையும், அதை உங்கள் நிலையில் இருந்துகொண்டே எவ்வாறு காக்கலாம் என்பதையும் தனித்தனியே சொல்கிறேன்.

நெறியைப் பொறுத்தவரை ஐயத்துக்கு இடமே இல்லை. 1978-இல் வான்கூவரில் கூடிய மருத்துவ இதழாசிரியர்களிடமிருந்து உருவான பன்னாட்டுக் குழு, கட்டுரையாசிரியர் என்று ஒருவரைக் குறிப்பிட நான்கு தகுதிகளை வகுத்திருக்கிறது. ஆய்வைத் திட்டமிடுவதிலோ, தரவுகளைத் திரட்டுவதிலோ, பகுத்தாய்வதிலோ அவருக்குக் கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியோ, அறிவார்ந்த முறையில் திருத்தியோ இருக்க வேண்டும். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். கட்டுரையைப் பற்றி எந்தக் கேள்வி எழுந்தாலும் அதற்கு விடை காணும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். நான்கும் ஒருசேர அமைய வேண்டும். கடைசித் தகுதி 2013-இல்தான் சேர்க்கப்பட்டது. என் பார்வையில் நான்கிலும் அதுவே முதன்மையானது. நிதி பெற்றுத் தருவதும், துறையைப் பொதுவாக மேற்பார்வையிடுவதும் மட்டுமே ஒருவரைக் கட்டுரையாசிரியர் ஆக்கிவிடா என்றும் அக்குழு வெளிப்படையாகக் கூறுகிறது. அத்தகையோருக்கு உரிய இடம் நன்றியுரை. இவை மருத்துவத் துறைக்கென எழுதப்பட்டவை என்றாலும், வேறு பல துறைகளின் இதழ்களும் இவற்றை ஒட்டியே தம் விதிகளை அமைத்துக்கொண்டுள்ளன.

படிக்காத கட்டுரையில் பெயர் இடம்பெறுவது அந்தப் பெயருக்கு உரியவருக்கே ஆபத்து என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. தென்கொரிய அறிவியலாளர் குவாங் ஊ-சுக், மனிதக் குருத்தணுக்களை (உடலின் பல்வகை அணுக்களாக வளரவல்லவை) பற்றி 2004, 2005 ஆகிய ஆண்டுகளில் சயன்ஸ் இதழில் வெளியிட்ட இரு கட்டுரைகளும் புனைந்த தரவுகளைக் கொண்டவை எனத் தெரிய வந்து, 2006 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டன. அவற்றுள் இரண்டாவது கட்டுரையில் மூத்த கட்டுரையாசிரியராகப் பெயர் கொடுத்திருந்த அமெரிக்கப் பேராசிரியர் எந்தத் தரவையும் புனையவில்லை. ஆயினும், சரிபார்க்க வேண்டிய கடமையைத் தட்டிக்கழித்துவிட்டுப் பெருமையை மட்டும் ஏற்றுக்கொண்டார் என்று அவருடைய பல்கலைக்கழகமே அமைத்த விசாரணைக் குழு அவரைக் கண்டித்தது.

இனி நீங்கள் செய்யக்கூடியது. "இது தவறு" என்ற சொல்லோடு நெறியாளரிடம் செல்ல வேண்டாம். நீங்கள் அனுப்பவிருக்கும் இதழ் கட்டுரையாசிரியர்களுக்குத் தரும் வழிகாட்டுதலை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுரையாளர் ஒவ்வொருவரின் பங்களிப்பையும் எழுதித் தரும்படி இன்று ஏராளமான இதழ்கள் கேட்கின்றன. அந்தப் படிவத்தை நெறியாளர் முன் வைத்து, "துறைத்தலைவரின் பங்காக இங்கே எதை எழுத வேண்டும்?" என்று பணிவோடு கேளுங்கள். விதியை முன்வைப்பது இதழ் என்பதால், மாணவி தன்னை எதிர்க்கிறாள் என்ற எண்ணம் அவருக்கு எழ வாய்ப்பு குறைவு. துறைத்தலைவரிடம் கட்டுரையை உண்மையாகவே படிக்கக் கொடுத்துக் கருத்துக் கேட்பதும் நல்ல வழியே. அவர் ஆழ்ந்து படித்துப் பகுப்பாய்வையே மாற்றும் அளவுக்குப் பங்களித்தால் நிலைமை வேறு. படித்து இரு சொற்களைத் திருத்தினால் நன்றியுரையில் மனமார நன்றி கூறுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் வற்புறுத்தல் தொடர்ந்தால், நடந்தவற்றைத் தேதியோடு எழுதி வைத்துக்கொண்டு, பல்கலைக்கழகத்தில் ஆய்வறத்துக்கென உள்ள குழுவையோ, நீங்கள் நம்பும் மூத்த ஆசிரியர் ஒருவரையோ அணுகுங்கள். ஒருவேளை அந்தப் பெயரோடே கட்டுரையை அனுப்ப நேர்ந்தால் அந்தப் பழியை உங்கள் தலையில் சுமக்க வேண்டாம். அதிகாரம் யார் கையில் இருந்ததோ, அவருடைய தவறே அது.

கேள்வி: என் ஆய்வேட்டை மென்பொருளில் சோதித்தபோது ஒப்புமை எட்டு விழுக்காடு என்று வந்தது. கருத்துத் திருட்டு இல்லை என்று இனி நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: அந்த எண் அப்படி எதையும் சான்றளிக்கவில்லை. மென்பொருள் காண்பது சொற்களின் ஒற்றுமையை மட்டுமே. முறையாக மேற்கோள் குறியிட்டு மூலம் காட்டிய பகுதியையும், துறைக்கே பொதுவான சொற்றொடர்களையும் அது ஒப்புமையாகவே எண்ணக்கூடும். மாறாக, வேறொரு மொழியில் வந்த கட்டுரையின் வாதத்தை அப்படியே தமிழாக்கி மூலம் சொல்லாமல் விட்டால், சுழியம் விழுக்காடுகூட வரலாம். ஆனால் அது முழுமையான திருட்டு. முப்பது விழுக்காடு ஒப்புமை உள்ள ஆய்வேடு நேர்மையானதாகவும், மூன்று விழுக்காடு உள்ளது நேர்மையற்றதாகவும் இருக்க முடியும்.

எனவே அறிக்கையின் முதல் பக்கத்தோடு நில்லாமல், அது வண்ணமிட்டுக் காட்டும் ஒவ்வொரு பகுதியையும் திறந்து, "இந்தக் கருத்து யாருடையது, அதை வாசகருக்குச் சொல்லியிருக்கிறேனா?" என்று கேட்டுப் பாருங்கள். எண்ணைக் குறைப்பதற்காகச் சொற்களை மட்டும் மாற்றிப் போடும் பழக்கம் மாணவர்களிடையே பரவி வருவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. மூலத்தை மறைப்பதற்குச் செலவிடும் அந்த உழைப்பில் பாதி போதும், மூலத்தை முறையாகக் காட்டிவிடலாம். நீங்களே முன்பு எழுதி வெளியிட்ட பகுதியை மீண்டும் பயன்படுத்தும்போதும் அதைக் குறிப்பிட வேண்டும். புதியது என்று நம்பித்தான் வாசகர் படிக்கிறார்.

கேள்வி: "உங்கள் அரிய ஆய்வை மூன்று நாட்களில் வெளியிடுகிறோம்" என்று ஓர் ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. கட்டணம் கேட்கிறார்கள். நம்பலாமா?

பதில்: கட்டணம் கேட்பது மட்டுமே குற்றம் ஆகாது. எவரும் விலையின்றிப் படிக்கும்படி வெளியாகும் திறந்தநிலை இதழ்களில் நேர்மையானவையும் கட்டுரையாளரிடம் கட்டணம் பெறுகின்றன. உங்கள் மின்னஞ்சலில் என்னை உறுத்துவது அந்த மூன்று நாட்கள். துறை வல்லுநர்கள் இருவரோ மூவரோ படித்து, குறை சொல்லி, நீங்கள் திருத்தி, அவர்கள் மீண்டும் பார்ப்பதற்கு வாரங்கள், பெரும்பாலும் மாதங்கள் ஆகும். மூன்று நாட்களில் வெளியிடுவோம் என்பவர்கள் மதிப்பாய்வு செய்யப்போவதில்லை என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறார்கள்.

இத்தகைய இதழ்களை அமெரிக்க நூலகர் ஜெஃப்ரி பீல் பட்டியலிட்டு வந்தார். 2017 ஜனவரியில் அப்பட்டியல் நீக்கப்பட்டது. பட்டியல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சோதனையை நீங்களே செய்யலாம். ஆசிரியர் குழுவில் காணும் பேராசிரியர் இருவருக்கு எழுதி, அவர்கள் உண்மையிலேயே அப்பொறுப்பில் இருக்கிறார்களா என்று கேளுங்கள். பெயர் களவாடப்பட்டதே அறியாதவர்களும் உண்டு. அவ்விதழில் முன்பு வந்த கட்டுரைகளில் நான்கையாவது படித்துப் பாருங்கள். கட்டுரையை ஏற்கெனவே அனுப்பியிருந்தால், பணம் செலுத்தாமல், பதிப்புரிமைப் படிவத்தில் கையொப்பமிடாமல், திரும்பப் பெறுவதாக எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி: இரண்டாண்டுகளுக்கு முன் வெளியான என் கட்டுரையில் கணக்கீட்டுப் பிழை ஒன்றை அண்மையில் கண்டேன். முடிவே மாறிவிடுகிறது. இதுவரை எவரும் கவனிக்கவில்லை. சொன்னால் மோசடிக்காரன் என்ற பெயர் வருமே என்று உறக்கமின்றித் தவிக்கிறேன்.

பதில்: எவரும் கவனிக்காத பிழையை நீங்களே தேடிக் கண்டு, அதற்காக உறக்கம் இழந்து எழுதியிருக்கிறீர்கள். மோசடிக்காரர் இப்படி ஒரு கடிதத்தை எழுதமாட்டார்.

முதலில் உடன் எழுதியவர்களிடம் கணக்கை மறுபடி செய்து காட்டுங்கள். பிறகு எல்லோருமாக இதழாசிரியருக்கு எழுதுங்கள். முடிவு நிலைத்திருக்கும் சிறு பிழைக்குத் திருத்தக் குறிப்புப் போதும். உங்கள் கட்டுரையில் முடிவே மாறுவதால், அதைத் திரும்பப் பெறுவதே பொருந்தும். திரும்பப் பெறுதல் தண்டனை அன்று, நம்பத்தகாத முடிவைப் பற்றி வாசகரை எச்சரிக்கும் ஏற்பாடு என்பதே, 1997 முதல் இயங்கிவரும் பதிப்பு நெறிகளுக்கான பன்னாட்டுக் குழுவின் நிலைப்பாடு. நேர்ந்தது கணக்கீட்டுப் பிழை, அதைக் கண்டறிந்து தெரிவித்தவர் கட்டுரையாசிரியரே என்று அறிவிப்பில் தெளிவாக எழுதும்படி கேட்டுக்கொள்ளுங்கள். காரணம் சொல்லாத அறிவிப்புகளே வீண் ஐயத்தை வளர்க்கின்றன.

2018-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற பிரான்சிஸ் ஆர்னால்டு, அடுத்த ஆண்டு தம் குழு சயன்ஸ் இதழில் வெளியிட்ட கட்டுரையின் முடிவுகளை மீண்டும் செய்துகாட்ட முடியாததையும், முக்கியச் சோதனைகளுக்கான பதிவுகள் ஆய்வகக் குறிப்பேட்டில் இல்லாததையும் அறிந்து, 2020 ஜனவரியில் அதைத் திரும்பப் பெற்றார். தாம் வேலை மிகுதியில் சரியாகக் கவனிக்கவில்லை என்று பொதுவெளியில் மன்னிப்பும் கேட்டார். அதனால் அவர் மதிப்பு குறையவில்லை. அறிவியலாளர் பலர் அவரைப் பாராட்டவே செய்தார்கள்.

மௌனத்தின் விலையையும் எண்ணிப் பாருங்கள். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்தி, பன்னிரண்டே குழந்தைகளைக் கொண்டு லான்செட் இதழில் 1998-இல் வெளியான கட்டுரை 2010-இல்தான் முழுமையாகத் திரும்பப் பெறப்பட்டது. அதில் இருந்தது வெறும் பிழை அன்று என்பதால் அது உங்கள் நிலைக்கு இணையாகாது. ஆனால் தவறான முடிவு ஒன்று அச்சில் நின்றுகொண்டிருக்கும் ஒவ்வோர் ஆண்டும் அதை நம்பி யாரோ முடிவெடுக்கிறார்கள் என்பது இரண்டுக்கும் பொது. உங்கள் எண்ணை அடித்தளமாகக் கொண்டு இப்போது ஓர் ஆய்வு மாணவர் தம் மூன்றாண்டுகளைச் செலவிட்டுக்கொண்டிருக்கலாம். இந்த வாரமே எழுதிவிடுங்கள்.

கேள்வி: மதிப்பாய்வுக்காக எனக்கு வந்த கட்டுரையைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் இட்டு, அறிக்கையை எழுதி வாங்கிக்கொள்ளலாமா? என் சொந்தக் கட்டுரைகளுக்கும் அதைப் பயன்படுத்துகிறேன்.

பதில்: கூடாது. இன்னும் வெளிவராத அந்தக் கட்டுரை உங்களிடம் நம்பி ஒப்படைக்கப்பட்டது. இதழாசிரியரின் அனுமதியின்றி உங்கள் மாணவரிடம்கூட அதைக் காட்டக் கூடாது என்னும்போது, பதிவேற்றும் பகுதி எங்கே சேமிக்கப்படும் என்று உறுதியாகத் தெரியாத செயலியில் இடுவது எவ்வாறு பொருந்தும்? நேரம் இல்லையென்றால் மறுத்துவிடுங்கள். உடனே மறுப்பது இதழாசிரியருக்கும் உதவியே.

உங்கள் சொந்தக் கட்டுரையின் மொழியைச் செப்பனிட அதைப் பயன்படுத்துவதைப் பல இதழ்கள் அனுமதிக்கின்றன. ஆனால் எதற்காக, எந்த அளவுக்குப் பயன்படுத்தினீர்கள் என்பதை வெளிப்படையாக எழுத வேண்டும். செயலியைக் கட்டுரையாசிரியராகக் குறிப்பிட இயலாது என்று நான் மேலே சொன்ன மருத்துவ இதழாசிரியர் குழுவும் பதிப்பு நெறிகளுக்கான குழுவும் 2023-இல் அறிவித்தன. காரணம் முதல் பதிலில் கூறிய நான்காம் தகுதியே: கேள்வி எழும்போது அதற்குப் பொறுப்பேற்க அதனால் முடியாது. அது தரும் மேற்கோள்களில், உண்மையில் எங்கும் வெளிவராத கட்டுரைகளும் கலந்திருக்கக்கூடும் என்பதால், ஒவ்வொன்றையும் மூலத்தில் திறந்து பார்த்த பின்னரே சேருங்கள்.