கன்ட்ரோல் ஜாடியில் புழு செத்தால்?

கேள்வி: ஒரு ரசாயனத்தின் நச்சுத்தன்மையை அறிய மண்புழுச் சோதனை செய்தோம். ரசாயனமே கலக்காத கன்ட்ரோல் ஜாடிகளில் 40 புழுக்களில் 7 செத்துவிட்டன. அதை விட்டுவிட்டு மற்ற ஜாடிகளின் கணக்கை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி நிறுவனம்) வெளியிட்ட 207-ஆம் எண் சோதனை வழிகாட்டியின்படி கன்ட்ரோலில் சாவு 10 சதவீதத்தைத் தாண்டினால் சோதனை செல்லாது. 40 புழுவுக்கு 4 வரைதான் மன்னிப்பு. மறுபடி செய்ய வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன் மண்ணைச் சோதியுங்கள்.

சோதனைக்கான செயற்கை மண்ணில் பீட் (சதுப்பு நிலத்தில் மட்கிய பாசி) 10, கயோலின் களிமண் 20, குவார்ட்ஸ் மணல் 70 சதவீதம், எல்லாம் உலர் எடையில். ஈரம் உலர் எடையில் 35 சதவீதம். அதாவது 500 கிராமுக்கு 175 மி.லி. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பீட்டில் ஏற்கெனவே உள்ள ஈரத்தைக் கழிப்பதில்லை. ரசாயனக் கரைசலின் நீரையும் கணக்கில் சேர்ப்பதில்லை. மண் சேறாகிப் புழு மூச்சுத் திணறுகிறது. ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள்: விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால் அதிகம்.

அடுத்தது பிஎச், அதாவது அமில-கார அளவு. பீட் அமிலத்தன்மை உள்ளது. கால்சியம் கார்பனேட் சேர்த்து 6.0-க்குக் கொண்டுவர வேண்டும், 0.5 கூடலாம் குறையலாம். கலந்த கையோடு அளந்தால் ஏமாற்றும். ஈரப்படுத்தி இரண்டு நாளாவது வைத்துவிட்டு அளங்கள்.

புழுவும் காரணமாகலாம். ஐசீனியா ஃபெடிடா என்ற மண்புழு இனத்தில் கழுத்துப் பக்கம் வளையம் தெரிகிற, 300 முதல் 600 மி.கி. எடையுள்ளவையாக எடுத்து, ஒரு நாள் அதே செயற்கை மண்ணில் பழக்கிவிட்டு, கழுவி எடைபோட்ட பிறகே ஜாடியில் விடுங்கள். விளக்கையும் அணைக்காதீர்கள், வெளிச்சம் இருந்தால்தான் புழு மண்ணுக்குள் தங்கும்.

கேள்வி: எங்கள் பொருள் தண்ணீரில் கரையவில்லை. எப்படிக் கலப்பது?

பதில்: அசிட்டோனில் கரைத்து, மண்ணின் மணலில் ஒரு சிறு பங்கை எடுத்து அதன் மேல் ஊற்றி, புகைபோக்கும் அறையில் முழுக்க ஆவியாக விட்டு, பிறகு மற்ற மண்ணோடு கலக்குங்கள். அசிட்டோன் மட்டும் ஊற்றி ஆவியாக்கிய மணலோடு தனியாக ஒரு கன்ட்ரோலும் வேண்டும். அது இல்லாவிட்டால் புழுவைக் கொன்றது எது என்று சொல்ல முடியாது.

கேள்வி: மண்புழுச் சோதனையின் 14 நாளும் எல்லாப் புழுக்களும் உயிரோடு இருந்தன. அப்படியென்றால் பாதுகாப்பானதுதானே?

பதில்: சாகவில்லை, அவ்வளவுதான். முட்டையிடுவது நின்றுபோயிருக்கலாம். அதை அறிய ஓஇசிடி 222 வழிகாட்டிச் சோதனை இருக்கிறது, 8 வாரம் ஆகும். நான்காம் வார முடிவில் பெரிய புழுக்களை எடுத்துவிட்டு, முட்டைக்கூடுகளோடு மண்ணை இன்னும் 4 வாரம் வையுங்கள். குஞ்சுகளை எண்ணும் நாளில் ஜாடியை வெந்நீர்த் தொட்டியில் இறக்கினால், மண் சூடேற ஏற அவை மேலே வரும். கையால் கிளறித் தேடினால் சில தப்பிவிடும். கன்ட்ரோலில் ஜாடிக்கு 30 குஞ்சாவது இருக்க வேண்டும்.

கேள்வி: விதை முளைப்புச் சோதனைக்கு நாற்றங்கால் கலவை போதுமா?

பதில்: வேண்டாம். அதிலுள்ள அங்ககப் பொருள் ரசாயனத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நஞ்சு குறைவாகவே தெரியும். அங்ககக் கரிமம் 1.5 சதவீதத்துக்கு மேல் போகாத மண் எடுங்கள். தண்ணீர் அடியிலிருந்து ஏறட்டும். கன்ட்ரோலில் பாதி விதை முளைத்த நாளிலிருந்து 14 முதல் 21 நாள் சோதனை நடக்கும். கன்ட்ரோலில் முளைப்பு 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வேறு விதை வாங்குங்கள்.