வெயிலுக்கு எந்தப் பாரம்பரியத் தொப்பி நல்லது: மெக்சிகோவின் சோம்பிரேரோவா, பனாமாவா, வியட்நாம் கூம்புத் தொப்பியா?

என் ஓட்டு கூம்புத் தொப்பிக்குத்தான். வியட்நாமில் நோன் லா என்பார்கள். தோட்ட வேலைக்கு மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தவன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

எல்லோரும் விளிம்பு எவ்வளவு அகலம் என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். அது முக்கியம்தான், குறைந்தது 7.5 செ.மீ. இருக்க வேண்டும் என்று ஆஸ்திரேலியாவின் புற்றுநோய்த் தடுப்பு அமைப்பே சொல்கிறது. ஆனால் மணிக்கணக்கில் வெயிலில் நிற்பவருக்கு அதைவிடப் பெரிய விஷயம் தலைக்கும் தொப்பிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி. நோன் லா கூம்பாக இருப்பதால் ஒரு வட்டத்தில் மட்டும்தான் தலையைத் தொடும், உச்சந்தலைக்கு மேலே முழுக்கக் காலியிடம், காற்று உள்ளே போய் வரும். கவிழ்த்துப் பார்த்தால் கீழிருந்து நுனிவரை சிறுத்துக்கொண்டே போகும் மூங்கில் வளையங்கள் தெரியும், ஹுயே நகரத்துத் தொப்பியில் 16 வளையங்கள். அதன்மேல் ஓலையை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி பரப்பிக் கையால் தைத்திருப்பார்கள். அசாமின் ஜாபி என்ற தொப்பியும் மூங்கிலும் ஓலையும்தான். இந்தப் பொருள்களை வைத்து இவ்வளவு செய்ய முடிகிறதே என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

பனாமாவின் ஊர் பனாமா இல்லை, ஈக்வடோர். டோக்கியா என்ற செடியின் நாரில் நெய்வது. அந்த நெசவை 2012-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. எடையே தெரியாது, வெளியே போட்டுக்கொண்டு போக அழகு. ஆனால் நெற்றியைச் சுற்றிப் பிடிப்பதால் குனிந்து வேலை செய்தால் வியர்வை கண்ணில் இறங்கும், விளிம்பும் பலவற்றில் 7.5 செ.மீ. வராது, அளந்து வாங்குங்கள்.

சோம்பிரேரோ பெயரே ஸ்பானிய மொழியில் நிழலைக் குறிக்கும் சோம்ப்ராவிலிருந்து வந்தது. தோள்வரை நிழல் தரும். ஆனால் கம்பளியில் செய்ததை வாங்காதீர்கள், கனம். வைக்கோலில் வருவதுதான் வேலைக்கு ஆகும்.

அப்புறம், எதை வாங்கினாலும் வெயிலுக்கு நேரே பிடித்து உள்ளேயிருந்து பாருங்கள். ஊசி ஊசியாக வெளிச்சம் தெரிந்தால் புற ஊதாக் கதிரும் அந்த வழியாக வரும். தண்ணீர், மணல் பக்கம் போனால் கீழிருந்து எதிரொளித்து வருவதை எந்தத் தொப்பியும் தடுக்காது, முகத்துக்கு சன்ஸ்கிரீன் பூசியே ஆக வேண்டும். நோன் லாவுக்குத் தாடையில் கட்டும் துணி நாடாவை மறக்காமல் கேட்டு வாங்குங்கள், காற்றடித்தால் அது இல்லாமல் நிற்காது.