ஸ்பீக்கரின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு ஆம்ப்ளிஃபயர் வாங்குங்கள்

கேள்வி: வெளிநாட்டிலிருந்து திரும்பிய என் மைத்துனர் ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்களைக் கொடுத்தார். பின்பக்கத்தில் 6 ஓம், 25–120 வாட் என்று அச்சிட்டிருக்கிறது. கையேட்டில் உணர்திறன் 86 டெசிபல் என்று இருக்கிறது. எங்கள் ஹால் 16க்கு 12 அடி. பழைய திரைப்பாடல்களும் நாகசுரக் கச்சேரிகளும் கேட்பேன். டிவியின் ஒலியையும் இதிலேயே கேட்க ஆசை. கடைக்காரர் ‘சேனலுக்கு 150 வாட்’ என்று, ஏழு ஸ்பீக்கர்களை ஓட்டும் 7.1 ஹோம் தியேட்டர் ரிசீவர் ஒன்றைக் காட்டுகிறார். 120 வாட் ஸ்பீக்கரை அது எரித்துவிடாதா? நண்பரோ, இணையத்தில் கிடைக்கும் ‘300 வாட்’ குட்டி கிளாஸ் டி ஆம்ப் போதும் என்கிறார். கையில் நாற்பதாயிரம் ரூபாய் இருக்கிறது. எதை வாங்குவது? — திருச்சியிலிருந்து ஒரு வாசகர்.

பதில்: முதலில் உங்கள் பயத்தைப் போக்கிவிடுகிறேன். அந்த ரிசீவர் உங்கள் ஸ்பீக்கரை எரிக்காது. அடுத்து, கடைக்காரர் சொன்ன 150, நண்பர் சொன்ன 300 இரண்டையும் மறந்துவிடுங்கள். உங்களுக்கு வேண்டியது சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு, நேர்மையான 50, 60 வாட். இந்தக் கணக்கு கிடைப்பது ஆம்ப் பெட்டியின் மேல் அல்ல, உங்கள் ஸ்பீக்கரின் கையேட்டில். அதிலுள்ள 86 என்ற எண்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் 86 டெசிபல் ஒலி வருகிறது என்பது அதன் பொருள். 2.83 வோல்ட் என்பது 8 ஓம் ஸ்பீக்கரில் சரியாக ஒரு வாட் (ஓம் என்பது மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடையின் அளவு). உங்களுடைய 6 ஓமில் 1.33 வாட். நீங்கள் உட்காரும் சோபா ஸ்பீக்கரிலிருந்து மூன்று மீட்டர் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். திறந்த வெளியில் அந்தத் தொலைவுக்கு 9.5 டெசிபல் குறைந்துவிடும். அறைக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் இழப்பு அவ்வளவு இராது. இரண்டு ஸ்பீக்கர்கள் சேர்ந்து ஒலிப்பதால் ஏறத்தாழ 3 டெசிபல் திரும்பக் கிடைக்கும். கழித்துக் கூட்டினால், ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 1.33 வாட் கொடுத்தாலே உங்கள் காதருகே 80 டெசிபல் வந்துவிடும். வீட்டில் 80 டெசிபல் சத்தமான அளவுதான். அடுத்த அறையில் படிக்கும் பிள்ளை வந்து குறைக்கச் சொல்வான். ஆக, நீங்கள் பாட்டுக் கேட்கும் பெரும்பாலான நேரத்தில் ஆம்ப் ஒரு வாட்டுக்கும் குறைவாகவே கொடுத்துக்கொண்டிருக்கும்.

அப்படியானால் 50 வாட் எதற்கு? தவிலுக்கு. நாகசுரம் நீளமாக ஒரு கார்வையில் நிற்கும்போது, பக்கத்தில் தவில்காரரின் வலக்கை விரற்கூடு தோலில் விழுகிறதே, அந்தக் கணம் ஒலியின் சராசரியிலிருந்து 15, 20 டெசிபல் வரை எகிறிக் குதிக்கும். 3 டெசிபல் ஏற ஆம்ப் இரு மடங்கு வாட் கொடுக்க வேண்டும். 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. சராசரி 75 டெசிபலில் கேட்கிறீர்கள், தவிலடி 95ஐத் தொடுகிறது என்றால், நம் 80க்கு மேல் இன்னும் 15 டெசிபல் வேண்டும். அது 32 மடங்கு. 1.33 வாட் அந்தக் கண்ணிமைப்பொழுதில் 42 வாட்டாகிவிடுகிறது. கைவசம் இல்லாவிட்டால் அடியின் முனை மழுங்கும்; தவில் தவிலாக இல்லாமல் டப்பாவாகக் கேட்கும். இன்றைய திரைப்பாடல்களை உச்சத்தை அழுத்திச் சமன்செய்து வெளியிடுகிறார்கள், அவற்றுக்கு இவ்வளவு தேவைப்படாது. நேரடிக் கச்சேரிப் பதிவுகளுக்குத்தான் ஆம்பில் இந்த இருப்பு வேண்டும். நாகசுரம் கேட்பவர் என்பதால்தான் உங்களுக்கு இதை வலியுறுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்றும் இதிலிருந்து தெரிகிறது. 60 வாட் ஆம்புக்கும் 80 வாட் ஆம்புக்கும் உள்ள வேறுபாடு வெறும் 1.2 டெசிபல். காதுக்கு அது தெரிவதே அரிது. அந்த 20 வாட்டுக்காக யாராவது எட்டாயிரம், பத்தாயிரம் கூடுதலாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். ஸ்பீக்கரின் உணர்திறனோ விளையாட்டையே மாற்றிவிடும். அமெரிக்காவில் 1946 முதல் தயாரிக்கப்பட்டுவரும் கிளிப்ஷார்ன் என்ற மூலை ஸ்பீக்கரின் உணர்திறன் 105 டெசிபல். கெஃப் நிறுவனத்தின் எல்எஸ்50 மெட்டா என்ற புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கருக்கு 85. முன்னது ஒரு வாட்டில் எழுப்பும் சத்தத்தை எட்டப் பின்னதற்கு 100 வாட் வேண்டும். ‘எத்தனை வாட் ஆம்ப் நல்லது’ என்று ஸ்பீக்கரின் பெயரைச் சொல்லாமல் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

இனி அந்த 150 வாட். ரிசீவரின் கையேட்டைப் புரட்டி, விவரக்குறிப்புப் பக்கத்தில் பொடி எழுத்தைப் பாருங்கள். ‘6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10% டிஹெச்டி, ஒரு சேனல் மட்டும் இயங்கும்போது’ என்று இருக்கும் (டிஹெச்டி என்பது ஒலிச் சிதைவின் அளவு). ஒரே ஒரு சேனல், ஒரே ஒரு ஸ்வரம், அதுவும் பத்தில் ஒரு பங்கு சிதைந்துபோன ஒலி! அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு வரி இருக்கும்: ‘8 ஓம், 20 ஹெர்ட்ஸ்–20 கிலோஹெர்ட்ஸ், 0.08% டிஹெச்டி, இரண்டு சேனல்கள் இயங்கும்போது’. அந்த வரியில் உள்ள எண்தான் உண்மையான வாட். 150 என்று விற்கும் ரிசீவரில் அது பெரும்பாலும் 70, 80 என்றிருக்கும். நம் ஊரில் ஒரு காலத்தில் பிஎம்பிஓ (கணநேர உச்ச வாட்) என்ற பெயரில் கைப்பெட்டி அளவு டேப்ரெக்கார்டரில்கூட ஆயிரக்கணக்கில் வாட் எழுதி விற்றார்களே, அதன் வாரிசுதான் இது. இந்த ஏமாற்றைத் தடுக்க அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 1974லேயே தனி விதி கொண்டுவந்தது. 2024ல் அதை மேலும் இறுக்கியது. இங்கே நுகர்வோரே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொடி எழுத்தைப் படிக்க வேண்டியதுதான்.

நண்பர் சொல்லும் குட்டி ஆம்பின் கதை வேறு. கிளாஸ் டி என்பது மின்சாரத்தை அதிவேகமாக விட்டுவிட்டுச் செலுத்தி, அதிகம் சூடாகாமல் சிறிய பெட்டியில் இயங்கும் ஆம்ப் வகை. அதன் உண்மையை அறியக் கையேடுகூட வேண்டாம், கூட வரும் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். ‘32 வோல்ட், 5 ஆம்பியர்’ என்று இருந்தால் பெருக்குங்கள்: 160 வாட். சுவரிலிருந்து அடாப்டர் எடுத்துத் தருவதே அவ்வளவுதான் எனும்போது சேனலுக்கு 300 வாட் எங்கிருந்து வரும்? இன்னொரு கணக்கும் போடலாம். அடாப்டர் வோல்டேஜை அதே எண்ணால் பெருக்கி, ஸ்பீக்கர் ஓமின் இரு மடங்கால் வகுங்கள். 32ஐ 32ஆல் பெருக்கினால் 1024. உங்கள் 6 ஓமுக்கு 12ஆல் வகுத்தால் 85. இது ஏட்டு உச்சம். உள்ளிழப்பு போக சேனலுக்கு 70 வாட் அளவில் கிடைக்கும். அதே ஆம்பை 24 வோல்ட் அடாப்டருடன் விற்கிறார்கள் என்றால், கணக்கில் 48, நடைமுறையில் 40 வாட்.

ஆக, 300 என்பது பொய். ஆனால் 32 வோல்ட் அடாப்டருடன் வந்தால் உங்களுக்குப் போதுமானது என்று நண்பர் சொன்னது மெய். இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் தயங்குவது வேறு காரணங்களுக்காக. மலிவான சில கிளாஸ் டி ஆம்ப்களில் ஸ்பீக்கரின் ஓமுக்கேற்ப ட்ரெபிள் (கீச்சொலி) கூடவோ குறையவோ செய்யும். ஒரே ஆம்ப் ஒருவர் வீட்டில் இனிமையாகவும் இன்னொருவர் வீட்டில் கூர்மையாகவும் ஒலிப்பது அதனால்தான். பலவற்றில் டிவியை இணைக்க ஆப்டிகல் (ஒளியிழை) வழியோ, டிவியின் ஒலியை ஹெச்டிஎம்ஐ கேபிளிலேயே ஆம்புக்கு அனுப்பும் ஏஆர்சியோ கிடையாது. பழுதானால் கொண்டுபோய்க் கொடுக்க சர்வீஸ் சென்டரும் இராது. வாங்குவதாக இருந்தால், பி.ஐ.எஸ். (இந்திய தர நிர்ணய அமைவனம்) பதிவு எண் அச்சிட்ட அடாப்டர்தானா என்று பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது ஓம். 6 ஓம் என்பது பெயரளவுக்கான எண். ஸ்வரத்துக்கு ஸ்வரம் அது மாறும். ஓரிடத்தில் 20 ஓமாக ஏறி, இன்னோரிடத்தில் பெயரளவுக்கும் கீழே இறங்கும். ஐ.இ.சி. என்ற சர்வதேச மின்தொழில்நுட்ப அமைப்பின் தரவிதிப்படி அது பெயரளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது; உங்கள் ஸ்பீக்கருக்கு 4.8 ஓம். நடைமுறையில் இன்னும் கீழே இறங்கும் ஸ்பீக்கர்கள் உண்டு. மேலே சொன்ன எல்எஸ்50 மெட்டாவுக்கு அதன் நிறுவனமே ‘8 ஓம், குறைந்தபட்சம் 3.5’ என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறது. ஓம் இறங்கும் இடத்தில் ஆம்ப் அதிகக் கரண்ட் கொடுக்க வேண்டும். கொடுக்கத் திராணி இல்லாத ஆம்ப் சூடேறும், சத்தமான இடத்தில் தானே அணைந்துகொள்ளும். எனவே ஆம்பின் பின்பக்கம் ஸ்பீக்கர் முனைகளுக்கு அருகே ‘4–16 ஓம்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். ‘8 ஓம் மற்றும் அதற்கு மேல்’ என்று இருப்பதை உங்கள் ஸ்பீக்கருக்கு வாங்க வேண்டாம். 8 ஓமில் 60 வாட் தரும் ஆம்ப் 4 ஓமில் 90, 100 என்று உயர்வதாகக் குறிப்பிட்டிருந்தால், அதன் மின்வழங்கி வலுவானது என்று தெரிந்துகொள்ளலாம். பின்னாளில் ‘பி’ முனைகளில் இன்னொரு ஜோடி 6 ஓம் ஸ்பீக்கரைச் சேர்த்து இரண்டையும் ஒன்றாக ஓட்டாதீர்கள். சுமை 3 ஓமாகிவிடும்.

பெரிய ஆம்ப் ஸ்பீக்கரை எரிக்குமா என்பதற்கு வருகிறேன். மாடித் தொட்டி பெரிது என்பதால் கீழே வைத்த குடம் வழிந்துவிடாது. குழாயைத் திறந்த அளவுதான் தண்ணீர் வரும். வால்யூம்தான் அந்தக் குழாய். வீடுகளில் ஸ்பீக்கர் எரிவது பெரும்பாலும் சின்ன ஆம்பை முடுக்கும்போதுதான். ஆம்ப் தன் எல்லையைத் தொட்டதும் ஒலியலையின் தலையைச் சீவிவிடும். பாஸ் (தாழ்ந்த, கனத்த) ஒலி அதற்குமேல் ஏற முடியாமல் நிற்க, வால்யூமைத் திருகத் திருக ட்ரெபிள் மட்டும் ஏறிக்கொண்டே போகும். சீவியதால் பிறக்கும் புதிய அதிர்வுகளும் அதனுடன் சேரும். இவ்வளவும் போய் விழுவது ட்வீட்டரின், அதாவது ட்ரெபிளுக்கான சிறு ஸ்பீக்கரின், மயிரிழை போன்ற கம்பிச்சுருளில். அது தொடர்ந்து தாங்குவது சில வாட்டுகள்தான். பாடகரின் ‘ச’, ‘ஸ’ ஒலிகள் கிழிபட்டதுபோல் கேட்டால் உடனே குறைத்துவிடுங்கள். ஸ்பீக்கரின் பின்னே உள்ள ‘25–120’ ஒரு வழிகாட்டல்தான். அந்த வரம்புக்குள் இருக்கும் 60 வாட் ஆம்பில் கவலையில்லை.

இப்போது முடிவுக்கு வருவோம். 7.1 ரிசீவர் மோசமானதல்ல. ஒரே டிரான்ஸ்ஃபார்மரை ஏழு சேனல்கள் பகிர்ந்துகொள்வது அதன் குறை. நீங்கள் இரண்டை மட்டும் ஓட்டும்போது அந்தக் குறை தெரியாது. அதில் மைக்கை வைத்து அறையை அளந்து பாஸ் ஒலியைத் திருத்தும் வசதியும் கிடைக்கும். டைல்ஸ் தரை, கான்கிரீட் சுவர், வெறும் ஜன்னல் கொண்ட நம் ஹால்களில் பாஸ் ஒலி மூலையில் தேங்கி உறுமும், அந்த வசதி நிஜமாகவே உதவும். ஓரிரு ஆண்டுகளில் சென்டர் ஸ்பீக்கர், சரவுண்ட் ஸ்பீக்கர் என்று சேர்த்துப் படம் பார்க்கும் எண்ணம் உறுதியாக இருந்தால் தயங்காமல் அதையே வாங்குங்கள். அந்த எண்ணம் இல்லையென்றால், ஒருபோதும் திருகாத ஐந்து சேனல்களுக்கு விலை கொடுப்பானேன்?

உங்கள் கடிதத்தில் பாட்டுதான் முதலில் வருகிறது, டிவி பிறகு. அதனால் என் பரிந்துரை இரண்டு சேனல் இன்டக்ரேட்டட் ஆம்ப் (கட்டுப்பாடும் பெருக்கமும் ஒரே பெட்டியில்) அல்லது ஸ்டீரியோ ரிசீவர்: 8 ஓமில் முழு அலைவரிசைக்கும் 50 முதல் 60 வாட், 4 ஓம் தாங்கும் அனுமதி, டிவிக்கு ஆப்டிகல் அல்லது ஏஆர்சி, சப்வூஃபருக்கு (பாஸ் ஒலிக்கான தனி ஸ்பீக்கர்) ஒரு வெளியீட்டு முனை. நாற்பதாயிரத்தில் முழுவதையும் ஆம்பில் போடாதீர்கள். தரையில் கனமான ஜமுக்காளமும், ஸ்பீக்கருக்கு எதிர்ச்சுவரில் தடித்த திரைச்சீலையும், ஒரு ஜோடி உறுதியான ஸ்டாண்டும் வாங்க மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சில ஆயிரம் தரும் மாற்றம், ஆம்பில் இருபது வாட் கூட்டினால் வராது.

மைத்துனர் அடுத்த முறை ஆம்பையும் கொண்டுவருவதாகச் சொன்னால், பின்பக்கத்தில் வோல்டேஜைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அமெரிக்காவில் விற்பது பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கு மட்டுமானது, ஜப்பானில் 100. நம் 230ல் நேரே செருகினால் அங்கேயே முடிந்தது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம்தான், ஆனால் அதுவே கனமாக, சூடாக, சில சமயம் உறுமலாக இன்னொரு தொல்லை. திருச்சி வெயிலில் ஆம்புக்கு மேலே அரையடி காற்றோட்டம் விடுங்கள்; கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேசுக்குள் அடைக்க வேண்டாம். ஒயருக்கு 1.5 சதுர மி.மீ. செம்பு ஐந்து மீட்டர் வரை தாராளம். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதைத் தவிருங்கள். செட்டாப் பாக்ஸை இணைத்ததும் ‘ஹ்ம்ம்’ என்று இரைச்சல் வந்தால் கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் குற்றம் ஆம்பில் இல்லை, கேபிளின் எர்த்தில். டிவியிலிருந்து ஆப்டிகல் வழியாக இணைத்தால் அது தீரும்.

கடைக்குப் போகும்போது ஸ்பீக்கர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போங்கள். உங்களுக்கு மனப்பாடமான கச்சேரிப் பதிவு ஒன்றையும் கொண்டுபோங்கள். பாட்டை நிறுத்திவிட்டு வால்யூமைப் பாதிக்கு ஏற்றி ட்வீட்டரில் காதை வைத்தால் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் மெல்லக் கேட்கலாம்; சோபா தூரத்தில் கேட்கக் கூடாது. பிறகு தனி ஆவர்த்தனத்தை வீட்டில் கேட்பதைவிடச் சற்றுக் கூட்டி, கால்மணி நேரம் ஓடவிட்டு, மேல்மூடியைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் உங்கள் 6 ஓமை அந்த ஆம்ப் சிரமப்பட்டே ஓட்டுகிறது. வேறு மாடலைக் காட்டச் சொல்லுங்கள்.