சொல் அட்டையைப் பார்த்த பிறகு சொல்கிறேன், டாக்டர் படிப்பு வேண்டாம்

டோக்கியோவின் நிஷிகசாயிலிருந்து ஓர் அம்மா, மகளை என்ன படிக்க வைப்பது என்று கேட்டு வீடியோ அழைப்பில் பேசினார். அங்கேயே பிறந்து ஜப்பானியப் பள்ளியில் படிக்கும் மகளுக்கு 17 வயது. ஜப்பானின் எய்கென் ஆங்கிலத் தேர்வில் ஆக உயர்ந்ததான முதல் நிலைக்குத் தயாராகிறாள். மாதிரித் தேர்வில் புத்தாண்டன்று கோயிலில் திரளும் கூட்டத்துக்கு ‘த்ராங்’ என்று எழுதாமல் ‘மாப்’ என்று எழுதிவிட்டாள். “இங்கிலீஷே தடுமாறுது சார். பேசாம டாக்டருக்குப் படிக்க வைங்கன்னு திருச்சியில எல்லாரும் சொல்றாங்க.”

பயப்படாதீர்கள் என்றுதான் தொடங்கினேன். மகளிடம் பேசிய பிறகு ஆறுதல் சொல்வதை விட்டுவிட்டேன்.

கேமராவில் ஒரு சொல் அட்டையைக் காட்டினாள். ஒருபுறம் ‘த்ராங்’, மறுபுறம் ‘ஹிதோகோமி’, கீழே பென்சிலில் டோக்கியோவின் நெரிசலான ஷிபுயா சாலைச் சந்திப்பு. “ஹிதோகோமின்னா நெரிசலான இடம். த்ராங்னா அங்க நெருக்கியடிச்சு நிக்கிற ஜனங்க. மாப்னா கலவரம் பண்றவங்க, கோயில்ல சொல்லக் கூடாது” என்றாள். கூட்டத்துக்கான ‘க்ரௌட்’, மேகத்துக்கான ‘க்ளௌட்’ இரண்டும் ஜப்பானியத்தில் ‘குராவுதோ’ ஆகிவிடும். வீட்டுத் தமிழால் தனக்கு ர, ல பிரிந்து கேட்கிறது என்றும் சொன்னாள். திருவிழாவுக்கு வந்தவர்களைக் ‘கும்பல்’ என்று எழுதினால் நாம் முகம் சுளிப்போமே, அந்த நுட்பம் இவளுக்குத் தானாகவே பிடிபட்டிருக்கிறது.

அம்மா, இவளை மருத்துவத்துக்குத் தள்ளாதீர்கள். ஜப்பானில் தனியார் மருத்துவக் கல்லூரியில் ஆறு வருடக் கட்டணம் பெரும்பாலும் 2 கோடி யென்னைத் தாண்டும். அவளுக்கு விருப்பமே இல்லாத படிப்புக்குக் கடன் வாங்குவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். கடனைக் கட்டப்போவது திருச்சி உறவினர்கள் அல்ல.

யாரும் உங்களிடம் சொல்லாத வழி ஒன்று இருக்கிறது: ஜப்பான் அரசின் தேசிய மொழிபெயர்ப்பு வழிகாட்டித் தேர்வு. வெளிநாட்டுப் பயணிகளுக்கு அவர்கள் மொழியிலேயே ஜப்பானைச் சுற்றிக்காட்டுபவர்களுக்கானது. வயது, படிப்பு, குடியுரிமை எதற்கும் தடையில்லை. ஆகஸ்டில் எழுத்துத் தேர்வு: வெளிநாட்டு மொழி, ஜப்பானின் புவியியல், வரலாறு, பொது அறிவு, வழிகாட்டும் நடைமுறை. எய்கென் முதல் நிலை தேறியவர்களுக்கு ஆங்கிலத் தாள் கிடையாது. அவள் இப்போது படிப்பது நேராக இங்கே கைகொடுக்கும். டிசம்பரில் வாய்மொழித் தேர்வு. மூன்று தலைப்புகளில் ஒன்றை எடுத்து, 30 விநாடி யோசித்து, 2 நிமிடம் ஆங்கிலத்தில் விளக்க வேண்டும். டோக்கியோ மெய்ஜி கோயிலின் புத்தாண்டுக் கூட்டத்தை வைத்தே இன்றிலிருந்து பழகட்டும். தேறியதும் மாகாண ஆளுநரிடம் பதிவு. வழிகாட்ட ஆட்களும் இருக்கிறார்கள்: 2024இல் சுமார் 3 கோடியே 69 லட்சம் வெளிநாட்டவர் ஜப்பானுக்கு வந்தார்கள்.

2018 முதல் இந்தப் பதிவு இல்லாதவர்களும் காசு வாங்கிக்கொண்டு வழிகாட்டலாம் என்று சட்டம் மாறியதால் போட்டி உண்டு. பருவத்துக்கு ஏற்ப வருமானமும் ஏறி இறங்கும். அதனால் பட்டப்படிப்பு கட்டாயம். தேசியப் பல்கலைக்கழகத்தில் மொழி படிக்கட்டும்; நிலையான கட்டணம் ஆண்டுக்கு 5,35,800 யென்.

விசாவையும் இப்போதே கவனியுங்கள். குடும்ப விசாவில் இருந்தால், அனுமதி வாங்கினாலும் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அங்கேயே பள்ளி முடித்தவர்கள், வேலை உறுதியானால் வேறு விசாத் தகுதிக்கு மாற வழி உண்டு. பள்ளிச் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு குடிவரவு அலுவலகத்துக்கு அவளையும் கூட்டிப் போங்கள்.