மௌன ஜெபம் நம்முடையதா?

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையில் ஜெபம் என்றாலே உரத்த சத்தமும் நீண்ட வார்த்தைகளும்தான். எனக்கு அது ஒட்டவில்லை. அதிகாலையில் எழுந்து சும்மா உட்கார்ந்து பார்க்கிறேன், ஐந்து நிமிடத்துக்குள் மனம் சிலிண்டர் புக் பண்ணியாச்சா, பையனுக்கு ஃபீஸ் கட்டியாச்சா என்று ஓடிவிடுகிறது. போதகரோ, மௌனமெல்லாம் யோகாக்காரர்கள் வழி, நமக்கு வேண்டாம் என்கிறார். அப்படியா?

ஒரு வாசகி, நாகர்கோவில்

அன்புள்ள சகோதரி,

உங்கள் புலம்பல் 1600 வருடப் பழசு. நான்காம் நூற்றாண்டின் கடைசியில் காசியான் என்ற கிறிஸ்தவத் துறவியும் அவர் நண்பர் ஜெர்மானுசும் எகிப்துப் பாலைவனத்தில் துறவிகளோடு தங்கியிருந்தார்கள். ஐசக் என்ற மூத்த துறவியிடம் ஜெர்மானுஸ் முறையிடுகிறார்: ஒரு சங்கீதத்தைப் பிடித்தால் மனம் வேறொரு சங்கீதத்துக்குத் தாவுகிறது, அங்கிருந்து சுவிசேஷம், அப்புறம் பவுல், எதிலும் நிற்பதில்லை. உங்களுக்கு சிலிண்டர், அவருக்கு வேத வசனம், அவ்வளவுதான்.

ஐசக் கொடுத்தது ஒரே ஒரு வரி, 70-ஆம் சங்கீதத்தின் முதல் வசனம்: "தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்." சாப்பாட்டு ஆசை வந்தாலும், தூக்கம் வராமல் புரண்டாலும், படிக்கையில் கண் சொக்கினாலும், மனம் பூரித்திருக்கும் நாளிலும் இதே வரிதான். கவனியுங்கள், அவர் மனதைக் காலி பண்ணச் சொல்லவில்லை, உதவி கேட்கச் சொல்கிறார். கையில் ஒன்றுமில்லாதவன் கேட்கிற மாதிரி, அலங்காரம் இல்லாமல். அமைதி வந்ததா என்று நடுவில் எட்டிப்பார்ப்பதுதான் நம்மைக் கெடுக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது, கேட்கிறவனுக்கு அந்த வேலையே இல்லை.

பிறகு காசியான் இதை பிரான்சின் மார்செய் நகரில் இருந்தபோது ஒரு நூலில் எழுதிவைத்தார். அந்த நூலைத் தன் மடத்தில் வாசிக்கச் சொன்ன பெனடிக்ட் என்ற துறவி, ஜெபம் சுருக்கமாக இருக்கட்டும் என்றும் தன் மடத்து விதியில் எழுதினார். மடங்களின் வேளை ஜெபங்கள் இன்றும் இந்த வரியோடுதான் பொதுவாகத் தொடங்குகின்றன.

போதகர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மறைப்பானேன். ஜான் மெயின் என்ற, பெனடிக்டின் விதிப்படி வாழ்ந்த துறவி, துறவியாவதற்கு முன்பு 1950-களில் மலாயாவில் வேலை பார்த்தபோது, ஒரு இந்து சுவாமியிடம்தான் தியானம் கற்றார். ஆனால் பின்னாளில் காசியானைப் படித்தபோது அதே வழி தன் சொந்த வீட்டிலேயே இருப்பதைக் கண்டார். போதகருக்கு இதெல்லாம் வேண்டாம் என்றால் வேதத்தில் வரும் சாமுவேலின் தாய் அன்னாளின் ஜெபத்தை நினைவுபடுத்துங்கள்: உதடு மட்டும் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை, ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்றே நினைத்துவிட்டார்.

உரத்த ஜெபத்தோடு சண்டை வேண்டாம், சபைக்கும் போங்கள். காலையில் அந்த ஐந்து நிமிடமே போதும். ஃபீஸ் ஞாபகம் வந்தால் விரட்டிக்கொண்டிருக்காதீர்கள், அது நிஜக் கவலைதானே, அதற்கும் சேர்த்தே அந்த வரியைச் சொல்லுங்கள். மறுபடி ஓடினால் மறுபடி சொல்லுங்கள். ஜெபத்துக்குப் பேர்போன ஸ்பெயின் நாட்டுத் துறவி அவிலாவின் தெரசாவே பல வருடங்கள் ஜெப நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்று காத்திருந்ததாகத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.