மழை விடாத சனி, ஞாயிறுகளில் சின்னப் பிள்ளைகளை வீட்டுக்குள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பிள்ளைகளுக்கு 4 வயதும் 7 வயதும், அடுக்குமாடி வீடு, வெளியே விட வழியில்லை, போனைக் கொடுத்தால்தான் சத்தம் அடங்குகிறது, வேறு என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கலர் பென்சில் வாங்குங்கள், களிமண் வாங்குங்கள், புதிர் அட்டை வாங்குங்கள் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். வாங்குங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதெல்லாம் அரை மணி நேரத்துக்குத்தான் வரும். அப்புறம் பெரியவன் சின்னவளை அடிப்பான், அவள் அழுவாள், நீங்கள் போனை எடுத்து நீட்டுவீர்கள்.

நான் சொல்வது வேறு. முதல் ஒரு மணி நேரம் பெரியவர் ஒருவர் தரையில் உட்கார வேண்டும். சோபாவில் இருந்தபடி "போய் விளையாடுங்க" என்று சொன்னால் நடக்காது. தரையில், அவர்களுக்கு எதிரே, ஜெயிக்க வேண்டும் என்கிற எண்ணத்தோடு உட்கார வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுத்தால் அடுத்த இரண்டு மணி நேரம் அவர்களாகவே ஓட்டிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் இப்படித்தான் நடக்கிறது.

மழையைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. எங்களுக்குச் செங்கோட்டை தாண்டிப் புளியரை. கேரள எல்லை பக்கத்திலேயே. ஆரியங்காவு கணவாய் வழியாக வருகிற காற்று நேரே எங்கள் ஊர் மேல்தான் விழும். ஜூன் பிறந்தால் ஆகஸ்ட் வரை சாரல். சென்னை மாதிரி ஒரே நாளில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகாது. வெயிலும் அடிக்கும், தூறலும் விழும், கொடியில் போட்ட துணி காயவே காயாது, காற்று அடித்தால் கரண்டும் போகும். மலையாளச் செய்தியில் கொல்லம் ஜில்லாவுக்குப் பள்ளி விடுமுறை என்று சொன்னதும் என் மகன் எழுந்து குதிப்பான். மலைக்கு இந்தப் பக்கம் விடுமுறை கிடையாது என்று அவனுக்குப் புரிய வைப்பதே ஒரு வேலை.

"சாரல் சீசன்தானே, குற்றாலத்துக்குக் கூட்டிப் போக வேண்டியதுதானே" என்று வெளியூர்க்காரர்கள் சுலபமாகச் சொல்கிறார்கள். சனி, ஞாயிறு என்றால் தென்காசி தாண்டி வண்டி நகராது. தண்ணீர் அதிகமாக வந்தால் அருவியில் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள், போடவும் வேண்டும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவனை அடித்துக்கொண்டு போனது, பிள்ளை பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு மலையில் மேகம் கறுத்திருக்கிற நாளில் என் பிள்ளைகளை அருவிப் பக்கம் கூட்டிப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். பயந்தவள் என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும்.

சரி, தரையில் உட்கார்ந்து என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். போன ஆடியில் என் நாத்தனார் பிள்ளைகள் திருப்பூரிலிருந்து வந்திருந்தார்கள். மூத்தவள் ஐந்தாம் வகுப்பு, கெட்டிக்காரி, ஆனால் சாப்பிடும்போதும் கையில் போன். வந்த மறுநாள், சனிக்கிழமை, காலையிலேயே காற்றில் எங்கேயோ மரம் விழுந்து கரண்ட் போய்விட்டது. மத்தியானத்துக்குள் இன்வெர்ட்டரும் படுத்துவிட்டது, போனில் சார்ஜ் இல்லை. "அத்தை, எப்ப கரண்ட் வரும், எப்ப வரும்" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். என் பிள்ளைகள் இரண்டும் அதைப் பார்த்து அதே பாட்டைப் பாட ஆரம்பித்துவிட்டன.

என் மாமியார் பரணிலிருந்து பல்லாங்குழிப் பலகையை இறக்கச் சொன்னார். ஒரு பக்கம் 7, மறுபக்கம் 7, ஆக 14 குழி. குழிக்கு ஐந்து வீதம் 70 புளியங்கொட்டை. உங்கள் பக்கத்து ஒரு குழியை அள்ளி, சுற்றிலும் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானால் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அடுத்த குழி காலியாக இருந்தால், அதைத் தாண்டிய குழியில் இருப்பதைத் துடைத்து எடுத்துக்கொண்டு ஆட்டத்தை எதிராளிக்கு விட வேண்டும். காலியான குழியில் ஒவ்வொன்றாக விழுந்து நாலு சேர்ந்துவிட்டால் அது பசு. எந்தப் பக்கத்துக் குழியோ அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்ளலாம். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், எங்கள் வீட்டில் இப்படி.

என் மாமியார் பிள்ளைகள் என்று விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. திருப்பூர்க்காரியை முதல் ஆட்டத்திலேயே துடைத்துவிட்டார். அவள் "ஆச்சி ஏமாத்துது" என்று அழுதாள். "நான் ஏமாத்தல தாயி, நீ எண்ணாம எடுத்த" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கொட்டைகளைப் பிரித்துப் போட்டார். மூன்றாவது ஆட்டத்தில் அந்தப் பெண் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு, எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும் என்று எண்ணிப் பார்த்துவிட்டு எடுத்தாள். பள்ளியில் கணக்குப் பாடத்தில் விரல் விட்டு எண்ணுகிறாள் என்று என் நாத்தனார் வருத்தப்படுகிற அதே பெண்தான். என் சின்னவளுக்கு அப்போது நாலு வயதுகூட நிறையவில்லை. அவளுக்கு விளையாடத் தெரியாது, அதனால் பசு பார்க்கிற வேலையைக் கொடுத்தோம். எந்தக் குழியில் நாலு சேர்ந்தாலும் "பசூ" என்று கத்த வேண்டும். சாயங்காலத்துக்குள் எண்ணாமலேயே நாலைக் கண்டுபிடிக்கப் பழகிவிட்டாள்.

கரண்ட் வந்ததும் மூத்தவள் போனைத் தேடி ஓடினாள், அதை மறைக்கவில்லை. ஆனால் மறுநாள் காலையில் பல் தேய்த்த கையோடு பலகையை எடுத்து வைத்ததும் அவள்தான். அப்போது எதிரே உட்கார ஆச்சி தேவைப்படவில்லை, என் மகன் உட்கார்ந்தான். நான் மேலே சொன்னேனே, பெரியவர் முதலில் உட்கார வேண்டும் என்று, அது இதற்காகத்தான். எப்படித் தோற்பது, தோற்றால் எப்படி மறுபடியும் உட்காருவது என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் போதும்.

"உங்களுக்கென்ன, கிராமம், வீட்டில் ஆச்சி இருக்கிறார்கள்" என்று எழுத வருவீர்கள், தெரியும். என் மாமியாருக்கு மூட்டுவலி, தரையில் உட்கார்ந்தால் எழ ஆள் வேண்டும். நான் வீட்டிலிருந்தே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன், சனிக்கிழமைதான் எனக்கு வேலை அதிகம். வீட்டுக்காரருக்குச் சனிக்கிழமையும் வேலை உண்டு. ஞாயிற்றுக்கிழமை அவர் உட்காருவார், மற்ற நேரம் மிஷினை நிறுத்திவிட்டு நான்தான் உட்காருவேன். யாருக்கும் நேரம் தானாக வராது.

அதோடு, கிராமம் என்றால் பிள்ளைகள் தெருவில் ஓடி ஆடலாம் என்று நினைக்கிறீர்கள் பாருங்கள், அது அந்தக் காலம். எங்கள் வழியாகத்தான் கேரளாவுக்கு எம்சாண்ட், ஜல்லி, பாறைக்கல் எல்லாம் போகிறது. பெரிய பெரிய டாரஸ் லாரிகள், தார்ப்பாய்கூடச் சரியாக மூடாமல், இரவு பகல் இல்லாமல். சாரலுக்கு நடுவே ஒரு மணி நேரம் வெயில் அடிக்கும், அந்த நேரத்தில் பிள்ளைகளை ரோட்டோரமாக விட முடிகிறதா? ரோடு முழுக்கக் குழி, குழியில் தண்ணீர், லாரி சக்கரம் ஏறினால் சேறு வாசல் வரை தெறிக்கும். மக்கள் மறியல் செய்தார்கள், மனு கொடுத்தார்கள், கொஞ்ச நாள் குறையும், மறுபடியும் வரிசை கட்டி நிற்கும். எங்கள் பக்கத்து மலையையும் பாறையையும் உடைத்து யாரோ எங்கேயோ வீடு கட்டுகிறார்கள், எங்கள் பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் யாராவது படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

ஏழு வயதுப் பிள்ளைக்கு இன்னொன்று சொல்கிறேன், அடுக்குமாடியிலும் செய்யலாம், மொட்டை மாடியில் மட்டும் நேரே மழை விழுகிற இடம் வேண்டும். மேலிருந்து கீழ் வரை ஒரே அகலம் உள்ள பாட்டிலோ கண்ணாடி ஜாடியோ எடுத்து, வெளிப்பக்கம் ஒரு ஸ்கேலை ஒட்டுங்கள். அடிப்பாகம் வளைந்திருந்தால் கோடு ஆரம்பிக்கிற இடம் வரை முதலிலேயே தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். கூரை, மரம் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் சாயாமல் வைத்துவிட்டு, காலை 8.30 மணிக்குப் போய்ப் பாருங்கள். வானிலை ஆய்வு மையமும் அந்த நேரத்துக்குத்தான் ஒரு நாள் மழையைக் கணக்கிடுகிறது. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் தொட்டால்தான் கனமழை, 115.6 தொட்டால் மிகக் கனமழை. என் மகன் நோட்டில் தேதி போட்டு எழுதுகிறான். டிவியில் 7 சென்டிமீட்டர் என்று சொன்னால் "எழுபது மில்லிமீட்டர்மா" என்று அவனே சொல்வான். 1 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். அப்படியானால் 100 சதுர மீட்டர் மாடியில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 1,000 லிட்டர் தொட்டி நிறைந்துவிடும் என்று அவன் அப்பா ஒருநாள் சொல்லிக் கொடுத்தார். அன்றைக்கு முழுக்க எந்த வீட்டு மாடி எவ்வளவு பெரியது என்றுதான் பேச்சு.

அளக்கப் போனால் நனைவார்கள், சளி பிடிக்கும் என்று யாராவது சொல்வார்கள். சளி பிடிப்பது வைரஸால். குடை பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் போய்விட்டு வந்து தலையைத் துவட்டினால் ஒன்றும் ஆகாது. இடி மின்னல் நேரத்தில் மட்டும் மாடிக்கு விடவே கூடாது. உங்கள் ஊரில் தெருவில் தேங்குகிற தண்ணீர் வேறு விஷயம். சாக்கடை கலந்திருக்கும், மின்கசிவு இருக்கலாம், அதில் பிள்ளைகளை இறக்காதீர்கள்.

அப்புறம், உட்காருவதற்கு முன்னால் ஓட விடுங்கள். மூன்று, நாலு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 180 நிமிடமாவது உடல் அசைய வேண்டும், உட்கார்ந்து திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. மழை நாளில் இந்த 180 நிமிடம் எங்கே வரும்? கட்டிலில் இருந்து மெத்தையைத் தரையில் இழுத்துப் போட்டால் வரும். ஹாலில் சாக்பீஸால் பாண்டிக் கட்டம் போட்டால் வரும். கீழ்வீட்டுக்காரர் சத்தம் போடுவார் என்றால் முதலிலேயே போய் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

வேலையும் கொடுங்கள். எங்கள் வீட்டில் பூண்டு உரிப்பது, துணி மடிப்பது, சுட்ட பலாக்கொட்டைக்குத் தோல் எடுப்பது எல்லாம் பிள்ளைகள்தான். பச்சைப் பிள்ளையை வேலை வாங்குகிறாயா என்று என் அம்மாவே கேட்டார். சுட்ட பலாக்கொட்டையில் பாதி உரிக்கும்போதே அவர்கள் வாய்க்குள் போய்விடுகிறது, அதை வேலை என்று அவர்கள் நினைப்பதே இல்லை.

பலகை இல்லையே என்று கடையில் தேட வேண்டாம். முட்டை அட்டையில் வரிசைக்கு 6 குழிதான் வரும், நமக்கு 7 வேண்டும். தரையில் சாக்பீஸால் 14 வட்டம் போட்டால் போதும். இந்த மாதம் கொட்டை எடுக்காத புளியாக ஒரு கிலோ வாங்கிப் பிள்ளைகளையே எடுக்கச் சொல்லுங்கள், 70 கொட்டை தாராளமாகக் கிடைக்கும். அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியை மட்டும் விளையாடக் கொடுத்துவிடாதீர்கள், அது விஷம். நாலு வயதுப் பிள்ளை புளியங்கொட்டையையும் மூக்கில் போட்டுப் பார்க்கும், ஆகவே அது விளையாடும்போது பக்கத்திலேயே இருங்கள், ஆட்டம் முடிந்ததும் எண்ணி எடுத்து டப்பாவில் போட்டு மேலே வைத்துவிடுங்கள்.