மூன்று ராத்திரி ரயிலில்: டிக்கெட் முதல் இழப்பீடு வரை

விடுமுறைக்கு வடக்கே போகிறவர்களும், போய்விட்டு மனக்குறையோடு திரும்பியவர்களும் எழுதிய கடிதங்களில் ஐந்தை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, அம்மாவுக்கு 63. கூட நான், கணவர், 9 வயது மகள். வைஷ்ணோதேவி கோயிலுக்கு ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் போக நினைக்கிறோம். ஸ்லீப்பர் போதுமா, ஏசி எடுக்கணுமா? ஐந்து பேருக்கும் ஒரே டிக்கெட்டாகப் போடலாமா?
வாசகி, நாகர்கோவில்

பதில்: கன்னியாகுமரியில் புறப்பட்டு, வைஷ்ணோதேவி மலையடிவாரத்தில் இருக்கும் கட்ரா போய்ச் சேர 3,700 கிலோமீட்டருக்கு மேல், வண்டியில் மூன்று ராத்திரி. ஒரு ராத்திரி என்றால் எந்தப் பெட்டியிலும் சமாளித்துவிடலாம். மூன்று ராத்திரிக்குக் கணக்கே வேறு. அதனால் எந்த வகுப்பு என்று பார்க்கும் முன்னால், அப்பா அம்மாவுக்கு எந்த பெர்த் என்று யோசியுங்கள்.

ஸ்லீப்பரிலும் தேர்ட் ஏசியிலும் நடு பெர்த்காரர் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பெர்த்தை விரித்துப் படுக்கலாம். அது அவர் உரிமை. விரித்துவிட்டால் கீழே இருப்பவர் நிமிர்ந்து உட்கார முடியாது. விடியற்காலை நான்கு மணிக்கே விழித்துக்கொள்ளும் பெரியவர் என்றால், ஆறு மணி வரை படுத்தே கிடக்கணும், இல்லாவிட்டால் கழுத்தை மடக்கிக்கொண்டு ஓரத்தில் குந்தியிருக்கணும். மூட்டு வலியும் இருந்தால் கட்ரா போய் இறங்கும்போது அவருக்குக் கோயில் ஏறும் தெம்பே இருக்காது. செகண்ட் ஏசியில் நடு பெர்த் கிடையாது. மற்ற சௌகரியங்களை எல்லாம் விட்டாலும் இந்த ஒன்றுக்காகவே கூடுதல் பணம் கொடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே, கையில் பணம் இருந்தால் ஐந்து பேருக்கும் செகண்ட் ஏசி. இல்லாவிட்டால் தேர்ட் ஏசியில், பெரியவர்களுக்கு இரண்டு கீழ் பெர்த்தை உறுதி செய்துகொண்டு போங்கள். அவர்களை மட்டும் செகண்ட் ஏசியில் ஏற்றிவிட்டு நீங்கள் வேறு பெட்டியில் போகவேண்டாம். மாத்திரை எடுத்துக் கொடுக்க, ராத்திரி கைபிடித்து அழைத்துப் போக யாராவது பக்கத்தில் வேண்டும். ஸ்லீப்பர் உங்கள் குடும்பத்துக்கு வேண்டாம். கோடையில் நாக்பூர், ஜான்சி பக்கம் பகலில் ஜன்னலைத் திறந்தால் அனல்தான் அடிக்கும்; டிசம்பரில் டெல்லியைத் தாண்டினால் மூடிய ஜன்னல் இடுக்கிலும் குளிர் ஏறும். 2021-ல் வந்த தேர்ட் ஏசி எகானமியில் கட்டணம் கொஞ்சம் குறைவு. ஆனால் சாதாரண தேர்ட் ஏசியில் 72 பெர்த் இருக்கும் நீளத்தில் அங்கே 80, 83 என்று அடைத்திருப்பார்கள். ஒரு ராத்திரிக்குச் சரி, மூன்றுக்கு நான் சொல்லமாட்டேன்.

ஒரே டிக்கெட்டாகப் போடாதீர்கள். பலர் ஏமாறுவது இங்கேதான். கீழ் பெர்த்துக்கென்று ஒரு தனிக் கோட்டா இருக்கிறது: ஆண்களுக்கு 60 வயது, பெண்களுக்கு 45 வயது நிரம்பியிருந்தால் கிடைக்கும். ஆனால் அந்த டிக்கெட்டில் ஒருவரோ இருவரோதான் இருக்கலாம். ஐந்து பேரைச் சேர்த்துவிட்டால் கோட்டா பொருந்தாது. அப்பா அம்மாவுக்கு அந்தக் கோட்டாவில் ஒரு டிக்கெட், நீங்கள் மூவரும் பொதுவில் ஒரு டிக்கெட் என்று ஒரே நேரத்தில், இரண்டு போனில் போடுங்கள். இரண்டு டிக்கெட்டுக்கும் பெட்டி மாறிவிட்டால், உங்களில் ஒருவர் அங்கே போய் உட்காரும்படி வண்டியில் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். கீழ் பெர்த்தை விட்டுத்தரச் சொல்லிக் கேட்பதுதான் கஷ்டம். மேல் பெர்த்துக்கு மேல் பெர்த் மாறிக்கொள்ள யாரும் மறுப்பதில்லை.

முன்பதிவு, பயண நாளை விட்டுவிட்டு 60 நாள் முன்பு காலை 8 மணிக்குத் திறக்கும். 120 நாள் என்பது 2024 நவம்பரோடு போய்விட்டது. திறக்கும் நாளில் ஆதார் சரிபார்த்த கணக்கில்தான் ஆன்லைன் டிக்கெட் எடுக்க முடியும். அதனால் அந்த வேலையை இன்றைக்கே முடித்துவிடுங்கள். பதிவு செய்யும் பக்கத்தில் ‘இரண்டு கீழ் பெர்த் கிடைத்தால் மட்டும் பதிவு செய்’ என்று ஒரு விருப்பம் உண்டு, அதைத் தேர்ந்தெடுங்கள். ‘ஆட்டோ அப்கிரேடு’ என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் வேண்டாம். மேல் வகுப்புக்கு இலவசமாக மாற்றுகிறார்களே என்று சந்தோஷப்படுவோம். கஷ்டப்பட்டு வாங்கிய கீழ் பெர்த் அங்கே மேல் பெர்த்தாகிப் போகலாம்.

மகளுக்கு 9 வயது என்பதால் பெர்த் வேண்டுமென்றால் முழுக் கட்டணம், வேண்டாமென்றால் பாதி. மூன்று ராத்திரி உங்களோடு ஒடுங்கிப் படுக்க வைக்காதீர்கள். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதை நம்பி பட்ஜெட் போடவேண்டாம்.

டிக்கெட் வந்ததும் பெர்த் எண்ணை 8-ஆல் வகுத்துப் பாருங்கள். ஸ்லீப்பரிலும் தேர்ட் ஏசியிலும் மீதி 1 அல்லது 4 வந்தால் கீழ் பெர்த், 2 அல்லது 5 நடு, 3 அல்லது 6 மேல், 7 வந்தால் சைடு லோயர், மீதியே இல்லாவிட்டால் சைடு அப்பர். உதாரணமாக 33 என்றால் கீழ் பெர்த். சைடு பெர்த்துகள் நீளம் குறைவு. அப்பா உயரமானவர் என்றால் கால் இடிக்கும்.

கேள்வி: டெல்லியிலிருந்து வரும்போது எங்கள் தேர்ட் ஏசி பெட்டியில் மத்தியானத்திலிருந்து ராத்திரி வரை ஏசி ஓடவில்லை. ஊருக்கு வந்து ஐந்து நாள் கழித்துப் பணம் திரும்பக் கேட்டால், நேரம் கடந்துவிட்டது என்கிறார்கள். இதுதான் சட்டமா?
வாசகர், சேலம்

பதில்: வருத்தமாக இருக்கிறது, ஆனால் விதி அப்படித்தான். ஏசி ஓடாவிட்டால், ஓடாத தூரத்துக்குத் தேர்ட் ஏசி கட்டணத்துக்கும் ஸ்லீப்பர் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசம் பயணிக்குச் சேரவேண்டியது. அதை வாங்க டி.டி.ஆர். என்ற விண்ணப்பத்தை ஆன்லைனில் போடணும். வண்டி நீங்கள் இறங்கும் ஊருக்கு வந்து சேர்ந்த நேரத்திலிருந்து 20 மணி நேரத்துக்குள் போடணும். அதோடு டி.டி.இ. (வண்டியில் டிக்கெட் பரிசோதிப்பவர்) எழுதிக் கொடுத்த சான்றின் அசலை, ரயில்வேயின் ஆன்லைன் டிக்கெட் நிறுவனமான ஐ.ஆர்.சி.டி.சி.-க்குத் தபாலில் அனுப்பணும். ஊருக்கு வந்து குளித்து, தூங்கி எழுந்து, மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்குள் இந்த 20 மணி நேரம் ஓடிவிடுகிறது.

ஒரு மே மாதம் எனக்கும் இதே அனுபவம். வண்டி நாக்பூரைத் தாண்டியிருந்தது, பெட்டியில் காற்று நின்றுபோனது. ஏசி பெட்டியின் ஜன்னல் கண்ணாடி திறக்காது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. எதிர் பெர்த்தில் ஒரு பாட்டி, பேரன் முகத்துக்கு நேராக ஈரத் துண்டை வீசிக்கொண்டே இருந்தார். டி.டி.இ. வந்தார், ‘சொல்லியிருக்கிறோம்’ என்றார், போகத் திரும்பினார். எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். கார்பன் வைத்த ரசீதுப் புத்தகத்தில் ‘ஏசி வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதினார். எந்த ஸ்டேஷன் முதல் எந்த ஸ்டேஷன் வரை என்பதையும் எழுதச் சொல்லி, அவர் எழுதும் வரை பக்கத்திலேயே நின்றேன். தூரத்தை வைத்துத்தான் பணத்தைக் கணக்கிடுகிறார்கள். ஸ்டேஷன் பெயர் இல்லாவிட்டால் எதை வைத்துக் கணக்கிடுவது? அந்தத் துண்டுக் காகிதத்தால்தான் பணம் வந்தது.

உங்களுக்கு இன்னும் வழி மூடிவிடவில்லை. வண்டியிலிருந்தே ரயில்வே உதவி எண் 139-க்கோ, ரயில்வேயின் புகார் செயலியான ரயில்மதத்திலோ புகார் செய்திருந்தால் அதன் எண் உங்கள் குறுஞ்செய்திகளில் இருக்கும், தேடிப் பாருங்கள். கட்டணத்தைத் திரும்பக் கேட்க ரயில்வே உரிமைத் தீர்ப்பாயம் உண்டு, சென்னையிலும் அதற்கு அமர்வு இருக்கிறது. சேவைக் குறைபாட்டுக்கு இழப்பீடு கேட்பதானால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரில் வழக்குப் போடும் உரிமை உண்டு, இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. கூடப் பயணம் செய்த இரண்டு பேரின் போன் எண் இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தூங்கிக்கொண்டிருக்கும்போது பை திருட்டுப் போனது. 40,000 ரூபாயும் ஒரு மோதிரமும் இருந்தன. ரயில்வே பொறுப்பேற்காதா?
வாசகி, மதுரை

பதில்: பார்சலாகப் பதிவு செய்து ரசீது வாங்காத, நாமே கையில் கொண்டுபோகும் சாமானுக்கு, ரயில்வே ஊழியரின் அலட்சியத்தை நிரூபித்தால்தான் ரயில்வே பொறுப்பு. 1989 ரயில்வே சட்டத்தின் 100-வது பிரிவு சொல்வது இதுதான். இடுப்பு பெல்ட்டில் ஒரு லட்சம் ரூபாய் வைத்திருந்து பறிகொடுத்த ஒரு பயணியின் வழக்கில், தன் உடைமையைத் தானே காத்துக்கொள்ளாத பயணிக்கு ரயில்வே பொறுப்பாகாது என்று 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கீழே மூன்று நுகர்வோர் ஆணையங்களிலும் ஜெயித்து வந்தவர் அவர்.

ஆகவே உங்கள் வழக்கில் கேள்வி ஒன்றே ஒன்று: ராத்திரி உங்கள் பெட்டியில் டிக்கெட் இல்லாதவர்கள் ஏறினார்களா, டி.டி.இ.-யிடம் சொல்லியும் அவர் கண்டுகொள்ளவில்லையா? அதற்குச் சாட்சியோ புகார் எண்ணோ இருந்தால் வழக்கு நிற்கும். ஓடும் வண்டியிலேயே டி.டி.இ. அல்லது காவலரிடம் எஃப்.ஐ.ஆர். படிவம் வாங்கி எழுதிக் கொடுக்கலாம். அதற்காக வழியில் இறங்கவேண்டியதில்லை. இனிமேல் போகும்போது கீழ் பெர்த்துக்கு அடியில் இருக்கும் இரும்பு வளையத்தில் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். பணமும் நகையும் அந்தப் பையிலும் வேண்டாம்.

கேள்வி: சென்னையிலிருந்து டெல்லி போய், அங்கிருந்து வேறு வண்டியில் கல்கா போவதாக இருந்தோம். முதல் வண்டி நான்கு மணி நேரம் தாமதம், அடுத்த வண்டி போய்விட்டது. அந்த டிக்கெட் பணம் முழுக்கப் போனது. யாரைக் கேட்பது?
வாசகர், வேலூர்

பதில்: இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாக எடுத்திருப்பீர்கள். 2019 ஏப்ரல் முதல், இரண்டாவது டிக்கெட் எடுக்கும்போது முதல் டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணைக் கொடுத்து இரண்டையும் இணைக்கலாம். பயணிகளின் பெயர் விவரம் இரண்டிலும் ஒன்றாக இருக்கணும். இறங்கும் ஸ்டேஷனும் அடுத்து ஏறும் ஸ்டேஷனும் ஒன்றாக இருப்பது நல்லது. இணைத்திருந்தால், முதல் வண்டியின் தாமதத்தால் தவறிப்போன அடுத்த வண்டிக்கு ரத்துக் கட்டணம் பிடிக்காமல் பணம் வரும். ஆனால் முதல் வண்டி வந்து சேர்ந்த மூன்று மணி நேரத்துக்குள் டி.டி.ஆர். போடணும். அடுத்த வண்டி போய்விட்டது என்று தெரிந்ததுமே, பிளாட்பாரத்தில் நின்றபடியே போட்டுவிடுங்கள்.

இணைக்காத உங்களுக்கு மிச்சமிருப்பது நுகர்வோர் ஆணையம். 2016-ல் அஜ்மீர்–ஜம்மு வண்டி நான்கு மணி நேரம் தாமதமாகப் போனதால் ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்ட ஒருவருக்கு, டாக்சிச் செலவு, தங்கும் செலவு, மன உளைச்சல் எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய் கொடுக்கச் சொன்ன உத்தரவை 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தது என்று ரயில்வேதான் நிரூபிக்கவேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு. தவறிய டிக்கெட், அன்றைக்கு எடுத்த புது டிக்கெட் அல்லது கார் வாடகை ரசீது, லாட்ஜ் பில், எதையும் கிழித்துப் போடாதீர்கள்.

கேள்வி: டிக்கெட் எடுக்கும்போது 45 பைசா இன்சூரன்ஸ் கேட்கிறதே, அதில் ஏதாவது உண்டா? அப்புறம், வண்டியில் தண்ணீர் பாட்டிலுக்கு 20 ரூபாய் வாங்கினார்கள், சரியா?
வாசகர், தஞ்சாவூர்

பதில்: கண்டிப்பாக எடுங்கள். விபத்தில் உயிரிழப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 10 லட்சம், பகுதி ஊனத்துக்கு ஏழரை லட்சம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு 2 லட்சம் வரை. டிக்கெட் எடுத்ததும் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வரும். அதில் இருக்கும் இணைப்பில் வாரிசுதாரர் பெயரை நிரப்பவேண்டும். பெரும்பாலானோர் அதைத் திறப்பதே இல்லை. வீட்டில் யாருக்காக அந்த 45 பைசாவைக் கட்டுகிறோமோ, அவர்கள் பெயரை எழுத ஒரு நிமிடம் ஒதுக்குங்கள்.

20 ரூபாய் சரியில்லை. ரயில்வேயின் சொந்தத் தண்ணீர் பாட்டிலான ‘ரயில் நீர்’ ஒரு லிட்டர் 2025 செப்டம்பர் 22 முதல் 14 ரூபாய், அரை லிட்டர் 9 ரூபாய். பில் கேளுங்கள். தரமாட்டேன் என்றால், பாட்டிலையும் விற்றவரின் அடையாள அட்டையையும் படமெடுத்து, பெட்டி எண்ணோடு 139-க்கு அங்கேயே புகார் செய்யுங்கள்.